முன்பிறேக்கின் நடுக்கம்

பொறிகளுக்கு உண்டாகும் குறைகளுட் சில கண்ணுக்குப் புலனாவன, சில புலனாகாதன. உடைந்த ஆணியும் அறுந்த கம்பியும் முன்னையவற்றின்பாற்படும். நிற்கும்போது யாதொரு பழுதுமின்றித் தோன்றி, தொழிற்படுங் கணத்தில் மாத்திரம் வெளிப்பட்டு, தொழில் ஓய்ந்ததும் மறைந்துவிடுங் குறைகள் பின்னையவற்றின்பாற்படும். துவிச்சக்கரவண்டியின் முன்பிறேக்கை அழுத்தும்போது அதன் முன்கவை முழுவதும் படபடவென நடுங்குவது இப்பின்னைய வகையைச் சேர்ந்தது. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைக் கையாற் சுழற்றிப் பிறேக்கை அழுத்திப் பார்ப்பவர்க்கு அந்நடுக்கம் தோன்றுவதில்லை. வண்டியில் ஏறிச் சரிவில் இறங்குவார்க்கே அது தோன்றும். ஆதலின், ஓட்டுவோன் ஒன்று சொல்ல, திருத்துவோன் வேறொன்று காண்பது இக்குறையின் இயல்பாயிற்று.

எமது யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடிய றலி, ஹம்பர் முதலிய பழைய வண்டிகளில் வளர்ந்த எனக்கு இந்நடுக்கம் நெடுங்காலம் அறிமுகமில்லாததாகவே இருந்தது. அவ்வண்டிகளின் பிறேக்குக் கட்டைகளை இழுப்பன கம்பிகளல்ல, உருக்குக் கோல்கள். பிறேக்கு மெதுவாகவே பிடிக்கும். மழைநாளிற் பிடியாமலும் விடும். நடுங்குமளவுக்கு அதற்கு வலு ஏது? எனக்கு இவ்விடயத்தை அறிமுகஞ் செய்தவர் என்னிடம் பிரயோக கணிதம் பயின்று, பின்னர்ப் பெல்சியத்திற் குடியேறிய மாணாக்கர் ஒருவர். பதினாறு வயதினனாகிய அவர் மகன் அந்நாட்டில் மாரிகாலத்தில் நிகழும் சைக்கிளோகுறொஸ் என்னும் பந்தயத்தில் ஈடுபட்டிருந்தான். அவனுக்கென வாங்கிய பழைய வண்டியின் முன்பிறேக்கு நடுங்குகிறதென்றும், திருத்தகத்தார் இருமுறை பார்த்தும் குறை தீரவில்லையென்றும், “ஐயா, உராய்வைப் பற்றி அன்று கரும்பலகையில் நீங்கள் எழுதியதெல்லாம் இதற்கு உதவுமா?” என்றும் கேட்டு எழுதியிருந்தார். அவ்வினாவுக்கு விடைகாண முயன்றதன் விளைவே இக்கட்டுரை.

சைக்கிளோகுறொஸ் என்பது யாதெனச் சிறிது கூறுதல் வேண்டும். வயலும் காடும் மணலும் சேறும் புற்சரிவும் கலந்த வட்டப் பாதையில், இடையிடையே வண்டியைத் தோளிற் சுமந்து படியேறியும் தடை தாண்டியும் ஓடும் பந்தயம் இது. ஒரு சுற்று இரண்டரை முதல் மூன்றரைக் கிலோமீற்றர் வரை இருக்கும். ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்துவிடும். பிரான்சு நாட்டில் தனியேல் கூசோ என்பார் 1902 ஆம் ஆண்டில் முதலாவது தேசியப் போட்டியை ஒழுங்குசெய்தார். 1950 இற் பாரிசில் நடந்த முதலாவது உலகப் போட்டியில், அதற்கு மூன்றாண்டு முன்னர்ப் பிரான்சுச் சுற்றோட்டத்தை வென்ற ழான் றொபிக் வெற்றிபெற்றார். அதன்பின் இவ்விளையாட்டின் தலைமை படிப்படியாகப் பெல்சியத்தாரையும் நெதர்லாந்தாரையும் சார்ந்தது. பெல்சியத்து எரிக் டி விளமிங் 1966 இற்கும் 1973 இற்குமிடையில் ஏழுமுறை உலக வீரரானார். நமூர் நகரக் கோட்டைக் குன்றிலும் கொப்பென்பேர்க் மேட்டிலும் நிகழும் பந்தயங்களைப் பார்ப்போர், ஏறுவோரின் வலுவைவிட இறங்குவோரின் பிடிப்பே மெய்ச் சோதனை என்பதை உணர்வர். நனைந்த புற்சரிவில் 33 மில்லிமீற்றருக்கு மேற்படாத அகலமுள்ள ரயரில் இறங்குவானுக்கு முன்பிறேக்கு எத்துணை முக்கியமென விரித்தல் வேண்டா.

இவ்வண்டிகளிற் பல்லாண்டு காலம் வழங்கியது கன்ரிலீவர் என்னும் பிறேக்கு. முன்கவையின் இரு தாள்களிலும், முன்புறமாக, இரு முளைகள் ஒட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு முளையிலும் ஒரு புயம் சுழலும். புயத்தின் உட்புறத்தில் றிம்மை அழுத்தும் கட்டையுண்டு. புயங்களின் வெளிமுனைகளை ஒரு குறுக்குக் கம்பி இணைக்க, அக்குறுக்குக் கம்பியின் நடுவைக் கைப்பிடியிலிருந்து வரும் தலைமைக் கம்பி மேல்நோக்கி இழுக்கும். சக்கரத்துக்கும் பிறேக்குக்குமிடையில் இடைவெளி மிகுதியாதலாற் சேறு அடைவதில்லை. இதனாலேயே சேற்றுப் பந்தயக்காரர் இதனை விரும்பினர். பிரான்சின் மாபாக் நிறுவனத்தார் இவ்வகைப் பிறேக்குகளுக்குப் பெயர்போனவராயிருந்தனர்.

ஈண்டு ஓர் உறுப்பை வாசகர் நினைவிற் கொள்ளல் வேண்டும். கைப்பிடியிலிருந்து வரும் தலைமைக் கம்பி ஓர் உறைக்குள்ளால் வருகிறது. அவ்வுறை ஓரிடத்தில் முடிந்து, அங்கிருந்து கம்பி மாத்திரம் வெறுமையாகக் கீழிறங்கிக் குறுக்குக் கம்பியைச் சேர்கிறது. உறையின் முடிவைத் தாங்கும் சிறு உலோகத்துண்டைக் கம்பிதாங்கி என்போம். வழக்கமான வண்டியில் இக்கம்பிதாங்கி இருக்குமிடம் தலைக்குழாயின் உச்சியாகும். அதாவது, கவைத்தண்டு சுழலும் மேற்குண்டுப்போதிகைக்கு மேலே. பிறேக்குப் புயங்களோ தலைக்குழாய்க்குக் கீழே, கவையில் இருக்கின்றன. கம்பிதாங்கி ஓரிடத்தும் புயங்கள் வேறோரிடத்துமாக, நடுவே ஒரு சாணுக்குக் குறையாத வெறுங்கம்பி நிற்கிறது. நோயின் வேர் இவ்விடத்திற்றான் உள்ளது. ஆயினும் யான் அதனை முதலிற் கண்டேனல்லேன்.

மாணாக்கருக்கு யான் முதலில் எழுதிய விடை திருத்தகத்தார் சொன்ன விடையே. பிறேக்குக் கட்டை றிம்மோடு முற்றிலும் ஒருபோகாக நிற்றலாகாது; அதன் முன்முனை றிம்மை முதலிற் தொடுமாறும், அப்போது பின்முனை ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் விலகி நிற்குமாறும் சற்றே சரித்து வைத்தல் வேண்டும் என்பது அது. இதற்குத் தக்க காரணமுண்டு. முன்பிறேக்கு நிற்குமிடத்தில் றிம் முன்னோக்கி ஓடுகிறது. ஓடும்போது கட்டையையும் தன்னோடு முன்னே இழுக்கிறது. கட்டை புயத்தின் உட்பக்கத்தில் இருப்பதால், இவ்விழுப்பு புயத்தைச் சிறிது முறுக்கி, கட்டையின் முன்முனையை வெளியேயும் பின்முனையை உள்ளேயும் திருப்பும். முன்னரே ஒருபோகாக வைத்த கட்டையாயின் இப்போது அதன் பின்முனை றிம்மிற் குத்தும். குத்தினால் உராய்வு மிகும், உராய்வு மிகுந்தால் முறுக்கு மிகும், புயம் தன் மீள்சத்தியால் திரும்பிப் பாயும், பின்னும் பிடிபடும். வயலின் வில்லில் நரம்பு பற்றியும் நழுவியும் ஒலியெழுப்புவதை ஒத்தது இது. கிறீச்சென்னும் பிறேக்கின் ஓசை பெரும்பாலும் இவ்வாறு எழுவதே. முன்னரே சரித்து வைத்த கட்டையோ, முறுக்குண்டபின் நேராகப் படியும். கட்டையின் பின்முனைக்கும் றிம்முக்குமிடையில் தடித்த அட்டைத் துண்டொன்றை வைத்து அழுத்திக்கொண்டு ஆணியை இறுக்கினால் இச்சரிவு எளிதிற் கிடைக்கும்.

இதனை எழுதியபோது விடயம் முடிந்ததென்றே எண்ணினேன். அவ்வாறு முடியவில்லை. கட்டையைச் சரித்தபின் கிறீச்சொலி நின்றது, நடுக்கம் நிற்கவில்லை. திருத்தகத்தார் கட்டைகளைப் புதுக்கினர், சக்கரத்தை நேராக்கினர், இறுதியாக, பழைய கம்பியையும் உறையையும் நீக்கி, அமுங்காத உறையுடைய விலையுயர்ந்த புதுக் கம்பியைப் பூட்டினர். நடுக்கம் குறைவதற்குப் பதிலாக மிகுந்தது! ஒவ்வொரு முறையும் பணம் கொடுத்தவர் மாணாக்கரே. மார்கழி மாதத்து ஞாயிறொன்றிற் பயிற்சியின்போது, நனைந்த சரிவொன்றில் மகன் பிறேக்கை அழுத்த, கவை நடுங்கி, முன்ரயர் ஒரு கணம் நின்று வழுக்க, அவன் தோளடிபட விழுந்தான். எலும்பு முறியாதது நல்லூழ். தாய் இனி அவ்வண்டி வேண்டாமென்றார். அவர் சொல்லை யான் குறைகூற மாட்டேன். என் ஆலோசனையை நம்பியே அவன் அச்சரிவில் இறங்கினான் என்பது அன்று முழுவதும் என் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது.

நடுக்கம் ஏன் வீழ்த்துகின்றது என்பதும் அறியத்தக்கது. நிலத்துக்கும் ரயருக்குமிடையிற் கிடைக்கக்கூடிய உராய்வுக்கு ஓரெல்லையுண்டு. நிதானமாகப் பிடிக்கும் பிறேக்கு அவ்வெல்லைக்குச் சற்றுக் கீழே நிற்கக்கூடும். நடுங்கும் பிறேக்கின் விசையோ ஒரு கணம் மிகுந்தும் மறுகணம் குறைந்தும் வருவது. சராசரி எல்லைக்குட்பட்டிருப்பினும் உச்சி எல்லையைக் கடந்துவிடும். கடந்த கணத்திற் சக்கரம் நிற்கும். நின்ற முன்சக்கரம் திசை காட்டாது.

இம்முறை யான் ஊகித்தலை விடுத்து, பார்த்தலைத் தொடங்க எண்ணினேன். கைத்தொலைபேசிகள் இக்காலத்தில் விரைந்த இயக்கத்தை மிக மெதுவாக்கிக் காட்டும் படம் பிடிக்கவல்லன. காய்ந்த சமதரையில் மகன் மெதுவாக ஓட்டிப் பிறேக்கை அழுத்த, தந்தை பக்கத்தே நின்று அவ்வாறு படம்பிடித்து அனுப்பினார். படத்திற் கண்டது இது: பிறேக்குப் பிடித்ததும் கவையின் கீழ்முனை பின்னோக்கி வளைகிறது; வளையும் அக்கணத்தில், கைப்பிடி அசையாதிருக்கவே, குறுக்குக் கம்பி மேலும் மேலிழுபட்டுக் கட்டைகள் மேலும் இறுகுகின்றன; பின் கவை சட்டென முன்னே பாய்கிறது; கட்டைகள் தளர்கின்றன; மீண்டும் பின்னோக்கி வளைகிறது. பிறேக்கை அழுத்தியது விரல்கள் மட்டுமன்று, கவையுந்தான்.

இதனைக் கணக்காற் காண்போம். ஓட்டுவோனும் வண்டியும் சேர்ந்து 70 கிலோகிராம் எனவும், புவியீர்ப்பு ஆர்முடுகலின் அரைப்பங்கை ஒத்த அமர்முடுகலோடு முன்பிறேக்கு மட்டும் வண்டியை நிறுத்துகிறதெனவும் கொள்க. நிலம் ரயரைப் பின்னோக்கித் தள்ளும் விசை 35 கிலோகிராம் நிறையாகும். ரயரின் வெளியாரை ஏறத்தாழ 344 மில்லிமீற்றர். றிம்மிற் கட்டை பிடிக்குமிடத்தின் ஆரை ஏறத்தாழ 311. திருப்பங்கள் சமப்படவேண்டுமாதலாற் கட்டைகள் இரண்டும் சேர்ந்து றிம்மைப் பின்னோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 39 கிலோகிராம் நிறை. சக்கரத்தின் அடியில் நிலமும் உச்சியிற் கட்டைகளுமாக இரண்டும் அதனைப் பின்னோக்கியே தள்ளுகின்றன. ஆகவே சக்கரத்தின் அச்சு கவைமுனையைப் பின்னோக்கித் தள்ளும் விசை இவ்விரண்டின் கூட்டுத்தொகை, அதாவது ஏறத்தாழ 74 கிலோகிராம் நிறை! எதிர்த்தாக்கமாகப் பிறேக்கு முளைகளோ முன்னோக்கி இழுபடுகின்றன. ஒரு மெல்லிய காபன் கவையின் தாள்நுனியில் வளர்ந்த ஆடவன் ஒருவன் தொங்கினாற் போன்றது இது. கவைத்தண்டின் அடிப்பாகமும் நிலம் வரையுள்ள முழு உயரத்தையும் நெம்பாகக் கொண்ட 35 கிலோகிராம் நிறையால் வளைக்கப்படுகிறது. கவை வளையாதிருந்தாலன்றோ வியப்பு!

கவை வளைந்தால் வந்த கேடென்ன? தலைக்குழாயின் கீழ்ப்போதிகையைச் சுழல்மையமாகக் கொண்டு கவையின் தோட்பகுதி பின்னோக்கிச் சிறிது திரும்புகிறது எனலாம். பிறேக்குக் கம்பி அம்மையத்துக்கு முன்னே செல்வது. எந்தக் கோலை வளைத்தாலும் வளைவின் வெளிப்புறம் நீளும், உட்புறம் குறுகும். கம்பி இருப்பது வெளிப்புறத்தில். எனவே மேலேயுள்ள கம்பிதாங்கிக்கும் கீழேயுள்ள குறுக்குக் கம்பிக்குமிடைப்பட்ட தூரம் நீள்கிறது. தோட்பகுதி அரைப் பாகை திரும்பியதாகவும், கம்பி மையத்திலிருந்து 5 சென்ரிமீற்றர் முன்னே இருப்பதாகவும் கொண்டால், நீட்சி ஏறத்தாழ 0.4 மில்லிமீற்றர். சிறிதென எண்ணற்க. கட்டைகள் றிம்மைத் தொட்டபின் கம்பிக்கு எஞ்சும் இயக்கம் மிகச் சிறிது. இழுபட்டு நிற்கும் உருக்குக் கம்பியை அவ்வளவு நீட்டுவதற்கு வேண்டிய இழுவிசையும் சிறிதன்று.

உயர்தர வகுப்பு மாணவர் இதனைப் பெருக்கல் விருத்தியாகக் காண்பாராயின் உண்மை தெளிவுறும். விரல்கள் ஓரலகு பிறேக்கு விசையை உண்டாக்குகின்றன. அவ்விசை கவையை வளைத்து, கம்பியை இறுக்கி, மேலதிகமாக ஒரு பங்கு விசையைப் பிறப்பிக்கிறது. அப்பங்கும் கவையை வளைத்து, தன் அளவில் இன்னொரு பங்கைப் பிறப்பிக்கும். பங்கு அரையாயின், ஒன்றும் அரையும் காலும் அரைக்காலுமாகக் கூடிச் சென்று இரண்டில் நின்றுவிடும். பிறேக்கு எதிர்பார்த்ததைவிட இருமடங்கு பிடிக்கும், அவ்வளவே. பங்கு ஐந்தில் நான்காயின் ஐந்து மடங்கு. இதனை ஓட்டுவோன் ‘பிறேக்கு வெடுக்கெனப் பிடிக்கிறது’ என்பான். பங்கு ஒன்றை எட்டிவிட்டாலோ விருத்திக்கு எல்லையில்லை. ரயர் நழுவும்வரை அல்லது சக்கரம் நிற்கும்வரை விசை தானே ஏறும். அங்கே விசை முறிந்ததும் வளைந்த கவை வில்லைப்போல முன்னே பாய்ந்து, சமநிலையைக் கடந்து, கம்பியைத் தளர்த்திவிடும். சக்கரம் மீண்டும் உருளும். எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். இவ்வட்டம் ஒரு விநாடியில் எண்ணமுடியாத அளவு பலமுறை நிகழ்வதே நடுக்கம்.

அந்தப் ‘பங்கு’ எவற்றாலாயது? நான்கு கணியங்களின் பெருக்கமே அது. கட்டைக்கும் றிம்முக்குமிடையிலுள்ள உராய்வுக் குணகம் ஒன்று. புயங்களின் பொறிமுறை நயம் ஒன்று. கம்பியும் உறையும் நீட்சிக்குக் காட்டும் விறைப்பு ஒன்று. ஓரலகு பிறேக்கு விசைக்குக் கம்பியின் பாதை எவ்வளவு நீள்கிறது என்பது ஒன்று. மாணாக்கரின் திருத்தகத்தார் அறியாமற் செய்த பிழை இப்போது விளங்கும். புதுக் கட்டையால் முதலாவதைக் கூட்டினர். அமுங்காத உறையால் மூன்றாவதைக் கூட்டினர். தனித்தனியே நோக்கின் இரண்டும் நற்செயல்களே. நான்காவதையோ ஒருவரும் தொடவில்லை.

பின்பிறேக்கு ஏன் நடுங்குவதில்லை என ஒருவர் வினவலாம். பின்புறக் கம்பிதாங்கியும் பின்பிறேக்குப் புயங்களும் ஒரே முக்கோணச் சட்டத்தில், அண்மையில் இருக்கின்றன; அச்சட்டம் வளைவதும் அரிது. மேலும், வண்டி நிற்கும்போது நிறை முன்னோக்கிச் சாய்வதால் பின்பிறேக்கு ஏற்கும் வேலை குறைவு.

இனித் தீர்க்கும் முறையை நோக்குவோம். நடுக்கம் என்றதும் எல்லாவற்றையும் கவையின்மேற் சுமத்துதல் தகாது. முதலிற் தலைப்போதிகையைப் பார்த்தல் வேண்டும். முன்பிறேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுக; மற்றக்கை விரல்களைத் தலைக்குழாயும் கவையும் சேருமிடத்திற் சுற்றி வைத்திருக்க. அங்கே கடகடவென அசைவு தெரியின் போதிகை தளர்ந்துள்ளது. அதனை இறுக்காமல் வேறெதைச் செய்தும் பயனில்லை. அசைவு பிறேக்குப் புயங்களின் அடியிலாயின் முளையின் ஆணியையும் தேய்வையும் பார்க்க.

அடுத்தது றிம். றிம்மின் பொருத்தில் மேடோ, அடிபட்ட பள்ளமோ இருப்பின் அதுவும் உதைக்கும். ஆனால் அவ்வுதைப்பு சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஒருமுறையே வரும். இவ்வண்டியின் சக்கரச் சுற்றளவு ஏறத்தாழ 2.16 மீற்றர். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் விநாடிக்கு இரண்டு சுற்று. ஆகவே ஓட்டுவோன் உதைப்புகளை ஒன்று, இரண்டு என எண்ணக்கூடியதாயிருந்தால் குறை றிம்மிலே. எண்ணமுடியாத விரைவாயின் கவையிலும் கம்பியிலும். கருவியேதும் வேண்டாத இச்சோதனையை யான் மிகவும் விரும்புகிறேன். திருத்தகத்திற்கு எடுத்துச்செல்லுமுன் எவரும் செய்து பார்க்கலாம். றிம்மில் எண்ணெயோ பழைய கட்டையின் கறையோ இருந்தால் மதுசாரத்தால் துடைத்தும், மினுங்கி இறுகிய கட்டையின் முகத்தை அரத்தாளால் உரைத்தும், அதிற் பதிந்த மணலையும் அலுமினியத் துகளையும் ஊசியால் அகற்றியும் விடுதல் நன்று. முற்கூறிய ஒரு மில்லிமீற்றர்ச் சரிவையும் வைக்க. இவ்வளவில் நின்றுவிடும் நடுக்கங்களும் பல.

நில்லாவிடின் நான்காவது கணியத்துக்குச் செல்லல் வேண்டும். அதற்கு மிகச் செவ்விய வழி, கம்பிதாங்கியைத் தலைக்குழாயின் உச்சியிலிருந்து நீக்கி, கவையின் தோளிலேயே பூட்டுவதாகும். கவைத்தோளின் நடுவிற் பெரும்பாலும் ஒரு துளையிருக்கும். அத்துளையிற் போல்ற் ஒன்றால் இறுக்கப்படும் சிறு கம்பிதாங்கிகள் விலைக்குக் கிடைக்கின்றன. இப்போது கம்பிதாங்கியும் புயங்களும் ஒரே உறுப்பில், ஒன்றுக்கொன்று அண்மையில் நிற்கின்றன. கவைத்தண்டு எவ்வளவு வளைந்தாலும் அவற்றிடைத் தூரம் மாறுவதில்லை. ‘உறை இன்னும் கைப்பிடியிலிருந்து கீழே வருகிறதே, அது அசையாதா?’ எனின், அசையும், அசைந்தாலும் கேடில்லை. உறையும் அதனுட் கம்பியும் சேர்ந்தே வளைவதால் ஒன்றுக்கொன்று நீளம் மாறுவதில்லை. உறையிட்ட கம்பியின் சிறப்பே அதுதான். வெறுங்கம்பிக்கே இரு நுனிகளின் தூரம் பொருட்டாகும்.

துளையில்லாத கவைகளும் உள. காபன் கவையிற் புதிதாகத் துளையிடுதல் எக்காரணங்கொண்டும் ஆகாது. அங்ஙனமாயின் நேரிழுவைப் பிறேக்குக்கு மாறலாம். அதில் உறை ஒரு புயத்திலும் கம்பி மறுபுயத்திலும் முடிவதால் கம்பிதாங்கியே வேண்டுவதில்லை. ஆனால் மலைவண்டிகளுக்குரிய நெடும்புயப் பிறேக்கு, வளைந்த கைப்பிடியோடு பொருந்தாது. அக்கைப்பிடி இழுக்கும் கம்பியின் நீளம் அதற்குப் போதாது. 80 முதல் 90 மில்லிமீற்றர் வரையுள்ள குறும்புயப் பிறேக்கே ஏற்றது. அதன் குறை, கட்டைகள் றிம்முக்கு மிக அண்மையில் நிற்பதும், சேற்றுக்கு இடம் குறைவதுமாம். காய்ந்த பருவத்தில் ஓட்டுவார்க்கு இஃது ஒரு பொருட்டன்று. பெல்சியத்து மாரிச் சேற்றில் ஓட்டுவார்க்குப் பெரும் பொருட்டே.

குறுக்குக் கம்பியை உயர்த்திப் புயங்களின் பொறிமுறை நயத்தைக் குறைப்பதாலும், மென்மையாகப் பிடிக்கும் கட்டைகளைப் பூட்டுவதாலும் நடுக்கத்தை அடக்குவாருமுளர். கணக்கின்படி அது சரியே, பங்கு குறையும். ஆயின் பிறேக்கின் வலுவும் உடன் குறையும். தலைவலிக்குத் தலையணையை மாற்றுவது போன்றதே அது என்பது என் துணிபு. வேறு வழியில்லாதவிடத்து மாத்திரம் கொள்ளத்தக்கது.

அனைத்துலகச் சைக்கிளோட்டச் சங்கம் 2010 ஆம் ஆண்டிற் சைக்கிளோகுறொஸ் பந்தயங்களுக்குத் தட்டுப் பிறேக்கை அனுமதித்தது. அதன்பின் உயர்மட்டப் பந்தயங்களிற் கன்ரிலீவர் படிப்படியாக மறைந்தது. தட்டுப் பிறேக்கு அச்சருகிற் பிடிப்பதால் மேற்சொன்ன வட்டம் அதில் நிகழாது. எனினும் பழைய வண்டிகள் இன்னும் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. புதியதை வாங்க வசதியில்லாத பிள்ளைகள் தொடங்குவது பெரும்பாலும் அவற்றிலேதான்.

மாணாக்கரின் வண்டிக் கவையில் நல்வாய்ப்பாகத் துளையிருந்தது. தை மாதத்தில் அவர் தம் கையாலேயே கம்பிதாங்கியைத் தோளுக்கு மாற்றினார். மாற்றும்போது தலைமைக் கம்பி நீளமாகி எஞ்சும். உறையையோ கீழே கவைத்தோள் வரை நீட்ட வேண்டியிருக்கும். பழைய உறை போதாமையால் புதியது வாங்கினார். உறையைச் சற்று நீளம் விட்டு வெட்டும்படி எழுதியிருந்தேன். வெறுங்கம்பி குறுகியதால் குறுக்குக் கம்பியின் கோணமும் மாறியது. அதற்கேற்ப அதனையும் திருத்தி, கட்டைகளை மீண்டும் சரித்து வைத்தார். சமதரையில் முதற் சோதனை செய்தபோது பெருநடுக்கம் அறவே இல்லை. பிறேக்கின் ஈற்றில், வண்டி நிற்கும் தறுவாயில், ஒரு மெல்லிய அதிர்வு மாத்திரம் எஞ்சியது. இடக்கட்டையின் சரிவு போதாதிருந்ததே காரணம். அதுவும் மறுநாள் தீர்ந்தது.

இன்னொரு செய்தியையும் அவருக்கு எழுதினேன். கன்ரிலீவர்ப் பிறேக்கின் தலைமைக் கம்பி அறுந்தால், குறுக்குக் கம்பி தளர்ந்து, முட்களையுடைய ரயரின்மேல் விழுந்து, சக்கரத்தோடு சுற்றிக்கொண்டு அதனை ஒரே கணத்தில் நிறுத்திவிடும். மட்காப்போ, கவைத்தோளிற் பூட்டிய ஒளிதெறி வில்லையின் தாங்கியோ இருப்பின் விழும் கம்பியை அது ஏந்திக்கொள்ளும். பந்தய வண்டிகளில் இவை இரண்டும் இருப்பதில்லை. ஆகவே கைப்பிடிக்குள்ளே கம்பியின் தலைமொட்டு இருக்குமிடத்தை மாதமொருமுறை பார்த்து, ஓரிழை பிரிந்திருந்தாலும் கம்பியை மாற்றுதல் வேண்டும்.

தாயாரின் அனுமதி கிடைக்க மேலும் மூன்று வாரம் சென்றது. மாசி மாதத்தின் தொடக்கத்தில் அதே சரிவில், அதே ஈரத்தில், மகன் இறங்கும் படத்தை அனுப்பியிருந்தார்கள். கவைமுனை பின்னோக்கி வளைந்தது, வளைந்தவாறே நின்றது, சரிவின் அடியில் அவன் பிறேக்கை விட்டதும் மெல்ல நிமிர்ந்தது.